எங்க ஊர்ப் பாட்டிக்கு ரகசியம் ஏதும் இல்லைங்க

முழுகாம இருக்கற பொண்ணுங்களுக்குன்னே ஒரு நலங்கு மாவு விக்கறாங்க. பாக்கெட் மேல ஒரு பாட்டி படம், பின்னாடி ஓட்டு வீடு, ஓரத்துல ஒரு மாடு. கிராமத்துப் பாட்டி சொன்ன ரகசியமாம். ஈரோட்டு மஞ்சளாம். இயற்கைங்கறதால கர்ப்பிணிக்கு எந்தக் கெடுதலும் இல்லையாம். தேய்ச்சுக் குளிச்சா அம்மா முகம் பளிச்சுனு ஆகுமாம், பொறக்கற குழந்தையும் செவப்பாப் பொறக்குமாம். நூறு கிராம் முந்நூத்தம்பது ரூபா. சென்னையிலயும் பெங்களூருலயும் நம்ம பிள்ளைங்க இதைப் போட்டி போட்டு வாங்கறாங்க. இதைப் படிக்கற உங்கள்லயே நாலஞ்சு பேர் எங்கிட்டக் கேட்டுட்டீங்க, அண்ணா நீங்கதான் மஞ்சள் போடறீங்களே, வீட்டம்மாவுக்கு நல்லதா ஒரு மாவு அரைச்சு அனுப்புங்கன்னு.

அனுப்ப மாட்டேன். ஏன்னு விலாவாரியாச் சொல்றேன். கொஞ்சம் சூடாவும் இருக்கும், பொறுத்துக்கங்க.

மொதல்ல அந்தப் பாட்டி. எங்க ஊர்ல அப்படி ஒரு பாட்டி கிடையாது. எங்க ஊர்ப் பாட்டிங்ககிட்ட ரகசியம்னு ஒண்ணு தங்கவே தங்காது. காலையில காதுல விழுந்தது மத்தியானத்துக்குள்ள கடைசித் தெரு வரைக்கும் போயிரும். எங்கம்மா நாலு பெத்தவங்க. நாலு தடவையும் எட்டாம் மாசம் வரைக்கும் மஞ்சக்காட்டுல களை எடுத்தவங்க. அழகுக்குன்னு அவங்க செஞ்சது என்னன்னா, தலைக்கு அரப்பு, உடம்புக்குத் தேங்கா எண்ணெய், மூஞ்சிக்குப் பூசு மஞ்சக் கெழங்கைக் கல்லுல ரெண்டு இழுப்பு இழைச்சது. அவ்வளவுதான். நலங்கு மாவு கல்யாணத்துக்கும் சீருக்கும்தான் வெளிய வரும். தெனமும் அரை மணி நேரம் பூசி ஊற வெச்சுக் குளிக்க எந்தக் குடியானவப் பொம்பளைக்கு நேரம் இருந்துச்சு?

அந்தக் காலத்துல கர்ப்பிணிக்கு நடந்த ஒரே பெரிய கவனிப்பு, வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பினது. அங்க போனா களைக்கொத்து இல்லை, நாலு மணிக்கு எந்திரிச்சு மாடு கறக்க வேண்டியதில்லை, தூங்கலாம். ஒரு மாசம் நல்லாத் தூங்கினா யாருக்குத்தான் மூஞ்சி பொலியாது? தூக்கத்தைப் பாக்கெட்டுல அடைச்சு விக்க முடியலை, மாவை அடைச்சுட்டாங்க.

சரி, மஞ்சளுக்கு வருவோம். இது என் தொழில்.

வைகாசி, ஆனியில நட்டா தை, மாசியில வெட்டறோம். வெட்டின கெழங்கை வேக வெச்சு, களத்துல ரெண்டு வாரம் போலக் காய வெச்சு, டிரம்முல போட்டுச் சுத்தி மெருகு ஏத்தறோம். மேல் தோல் உதிர்ந்து ஒரு மங்கல் மஞ்சளா வரும். பவுன் மாதிரி மின்னாது. மின்னலைன்னா மார்க்கெட்டுல ஒரு ரூபா கம்மியாக் கேப்பாங்க. அந்த ஒரு ரூபாதான் எல்லா அக்கிரமத்துக்கும் ஆரம்பம். மூட்டை எங்க கையை விட்டுப் போன பிறகு எத்தனை கை மாறுது, எந்தக் கையில என்ன சேருதுன்னு விளைவிச்ச எனக்கே தெரியாது. அப்புறம் எப்படி அந்த மாவுக்காரர் நூறு சதவீதம் சுத்தம்னு எழுதறாரு?

வங்காளதேசத்துல நடந்த கதையைக் கேளுங்க. அங்க கிராமத்துக் கர்ப்பிணிகளோட ரத்தத்துல ஈயம் நிறைய இருந்துச்சு. பக்கத்துல ஃபேக்டரி இல்லை, பெயிண்ட் இல்லை. எங்கிருந்து வருதுன்னு தேடிக்கிட்டே போனவங்க கடைசியில வந்து நின்ன எடம் மஞ்சப் பொடி. லெட் குரோமேட்னு ஒரு மஞ்சள் சாயம், பெயிண்டுக்குப் போடறது, அதை மெருகு போடறப்ப சேர்த்திருக்காங்க. 1980-கள்ல ஒரு வெள்ளத்துல மஞ்சள் நனைஞ்சு கருத்துப் போக, அதை மறைக்க ஆரம்பிச்ச பழக்கமாம். 2019-ல விஷயம் வெளிய வந்து, அரசாங்கம் சந்தைக்குள்ள இறங்கிப் பிடிச்சதும், ரெண்டே வருஷத்துல சந்தை மாதிரிகள்ல ஈயம் இல்லாமப் போச்சு. மனசு வெச்சா நிறுத்த முடியற விஷயம்தான். ஆனா 2024-ல வந்த ஆய்வுல நம்ம நாட்டுலயும் பாட்னா மாதிரி ஊர்ச் சந்தை மஞ்சள்ல ஈயம் இருக்கறது தெரிஞ்சுருக்கு. நம்ம நாட்டுச் சட்டப்படி மஞ்சள்ல ஈயம் பத்து லட்சத்துக்குப் பத்து பங்குக்கு மேல இருக்கக் கூடாது.

ஈயம் தாய் ரத்தத்துலருந்து தொப்புள்கொடி வழியாக் குழந்தைக்குப் போகும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தோல் மேல பூசினா உள்ள போறது ரொம்பக் கம்மிதான், அதை ஒத்துக்கறேன். வயித்துக்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து. ஆனா பூசின கையில சோறு சாப்பிடறோம், அதே பாக்கெட்டுல ஒரு சிட்டிகை எடுத்துப் பாலுல போட்டுக் குடிக்கச் சொல்லியும் வீடியோ போடறாங்களே! மஞ்சள் வேணும்னா முழு விரலியா, மங்கல் நிறத்துல இருக்கறதா வாங்கி, இடிச்சு வீட்டுலயே பொடி பண்ணுங்க. கண்ணைப் பறிக்கற மஞ்சளைப் பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும், ஆசை வராது.

இப்ப அந்தச் செவப்புக்கு வரேன். எனக்குக் கோவம் தலைக்கேறற எடம் இதுதான்.

குழந்தையோட நிறம் அப்பன் ஆத்தாகிட்டருந்து, அவங்க அப்பன் ஆத்தாகிட்டருந்து வர்றது. விதை எதுவோ அதுதான் மொளைக்கும். குங்குமப்பூவைப் பாலுல போட்டா பாலோட நிறம்தான் மாறும். ஒரு இழை, ரெண்டு இழை ருசிக்குப் போட்டுக் குடிச்சா தப்பில்லை. செவப்பு வேணும்னு அள்ளிப் போடறது நல்லதில்லை, அளவு மீறினா அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கற சரக்கு. அதுலயும் நீங்க வாங்கறது குங்குமப்பூதானா, சாயம் ஏத்துன சோள நாரான்னு பாத்துக்கங்க.

இது காசுக்குப் புடிச்ச கேடு, போகட்டும். இதே நிற ஆசை எங்க ஊர்ல என்ன பண்ணுதுன்னு சொல்றேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி எருக்குழியைக் கிளறி வண்டியில ஏத்திக்கிட்டிருந்தோம். முள்கரண்டியில ஒரு பாலித்தீன் பை மாட்டுச்சு. பிரிச்சா, பட்டை பட்டையா மாத்திரை. சுகாதார நிலையத்துல கர்ப்பிணிக்குக் குடுக்கற இரும்புச் சத்து மாத்திரை, ஒண்ணு கூடப் பிரிக்கலை. எங்க வீட்டுக் குழியில அக்கம்பக்கத்து வீட்டுக் குப்பையும் விழும். அந்த வருஷம் எங்க தெருவுல மூணு பொண்ணுங்க மாசமா இருந்தாங்க. யார் போட்டதுன்னு நான் கேக்கலை. ஏன் போட்டாங்கன்னு கேக்க வேண்டியதே இல்லை, ஊருக்கே தெரியும். இரும்பு மாத்திரை சாப்பிட்டா குழந்தை கறுப்பாப் பொறக்கும்னு ஒரு பேச்சு. நாவப்பழம் சாப்பிட்டா கறுப்பு, கறுப்பு திராட்சை சாப்பிட்டா கறுப்பு. மாத்திரை போட்டா மலம் கருப்பாப் போகுமில்லைங்களா, அதைப் பாத்து யாரோ கட்டி விட்டது. என் சம்சாரம் அன்னைக்கே நர்ஸம்மாகிட்டச் சொல்லி, அவங்க மூணு வீட்டுக்கும் ஒண்ணா வந்து உக்காந்து பேசிட்டுப் போனாங்க.

நம்ம நாட்டுல கர்ப்பிணிகள்ல நூத்துக்கு அம்பத்திரண்டு பேருக்கு ரத்த சோகை. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்றது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ இருந்தா அது சோகை. சோகையோட பிரசவத்துக்குப் போறவளுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் உசுருக்கே ஆபத்து. பொறக்கற குழந்தை எடை கம்மியா இருக்கும். அரசாங்கம் ஓசியில குடுக்கற மாத்திரையில 60 மில்லிகிராம் இரும்பும் கூட ஃபோலிக் ஆசிடும் இருக்கு, 180 நாள் தெனம் ஒண்ணு. அந்த மாத்திரை எருக்குழியில கெடக்கு, முந்நூத்தம்பது ரூபா மாவு அலமாரியில இருக்கு.

படிச்சவங்க வீட்டுல இப்படி இல்லைன்னு சொல்லுவீங்க. அப்படியா? குங்குமப்பூ டப்பா வாங்கினது யாருங்க? ரெண்டும் ஒரே செடியில காய்ச்ச காய்தான். பாக்கெட்டுல குழந்தை செவப்பாகும்னு அச்சடிக்கறவன், எங்க ஊர் மருமகளோட மாத்திரையைப் புடுங்கி எறியறான்னுதான் நான் சொல்லுவேன். மாத்திரையை டீ காப்பியோட போடாதீங்க, சத்து ஏறாது. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் கூட இருந்தா நல்லா ஏறும். வயித்தைப் புரட்டினா டாக்டர்கிட்டச் சொல்லி வேற மாத்திரை கேளுங்க. மூஞ்சி வெளுத்துக் கெடக்கற பொண்ணுக்கு இதை விட நல்ல அழகு சாதனம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அடுத்தது மங்கு. மாசமா இருக்கறப்ப கன்னத்துலயும் நெத்தியிலயும் கருமை படரும், வயித்துல நடுக்கோடு கருக்கும். உடம்புல ஊர்ற சுரப்புகளால வர்றது. நிறையப் பேருக்குப் பிரசவம் ஆகிச் சில மாசத்துல தானாவே மங்கிரும். வெயில் பட்டா அதிகமாகும். எங்க வீட்டுப் பொம்பளைங்க காட்டுல முந்தானையை முக்காடாப் போட்டு, மேல துண்டைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. நீங்க குடை புடிங்க, துத்தநாக ஆக்சைடு போட்ட சன்ஸ்கிரீன் தடவுங்க. போதும்.

அதை விட்டுட்டு ஏழு நாள்ல வெள்ளையாக்கற கிரீமைத் தேடிப் போறாங்க. அந்த வேகத்துக்குப் பின்னாடி பல சமயம் இருக்கறது பாதரசம். 2023-ல கேரளாவுல மலப்புரம் பக்கம், இந்த மாதிரி கிரீம் பூசினவங்க வரிசையாச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பாதரசமும் நஞ்சுக்கொடியைத் தாண்டும். நம்ம நாட்டு அழகுசாதனச் சட்டப்படி மூஞ்சிக் கிரீம்ல அதைச் சேர்க்கவே கூடாது. தெரியாமக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாது. ஆனா ஃபாரின் சாமான்னு சொல்லிப் பேர் தெரியாத டப்பா எங்க ஊர்ப் பெட்டிக்கடையிலயே தொங்குது. கிராமம் சுத்தம், டவுன் அழுக்குன்னு நான் சொல்ல வரலைங்க. எங்க பெட்டிக்கடையை நீங்க பாத்ததில்லை. டப்பாவுல மெர்க்குரி, கேலோமெல்னு இருந்தாலோ, தங்கம் வெள்ளி நகை மேல படாமப் பூசவும்னு எழுதியிருந்தாலோ தொடாதீங்க. நகையைத் தின்னற சாமான் அது.

மெடிக்கல் ஷாப்புல சீட்டு இல்லாமக் குடுக்கற மங்கு கிரீமும் இருக்கு. அதுல ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூணும் கலந்திருக்கும். மாசமா இருக்கறப்ப இது வேண்டாம். பரு மாத்திரை ஐசோட்ரெட்டினோயின் அதை விடக் கொடுமை, குழந்தைக்கு ஊனம் வரும், அது மருத்துவத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். ரெட்டினால்னு போட்ட சீரத்தையும் ஒதுக்கி வைங்க. எம் மக நர்ஸா இருக்கா, இந்தப் பேரெல்லாம் அவ எழுதிக் குடுத்ததுதான். நான் எழுத்துக் கூட்டித்தான் அடிச்சேன்.

இப்பச் சொல்றதை மட்டும் மெதுவாப் படிங்க, நலங்கு மாவை நான் இவ்வளவு திட்டறதுக்கு உண்மையான காரணம் இதுதான். எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, எட்டாம் மாசம். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பு. பகல்ல பரவாயில்லை, ராத்திரியில தூக்கமே இல்லை. தோல்ல தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. பெரியவங்க சிரிச்சாங்க, குழந்தைக்கு முடி வளருது, அதான் அரிக்குதுன்னு. வேப்பிலை அரைச்சுப் போட்டாங்க, சந்தனம் போட்டாங்க, அந்தப் பாட்டி படம் போட்ட மாவும் தபால்ல வந்துச்சு. பன்னெண்டு நாள் இப்படியே ஓடிப் போச்சு. எம் மக லீவுக்கு வந்தவ, கேட்ட உடனே மூஞ்சி மாறிருச்சு. அன்னைக்கே கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுத்தாங்க. கல்லீரல்ல பித்தநீர் சரியா எறங்காம ரத்தத்துல தேங்கியிருக்கு. அந்தப் பித்த உப்பு ரொம்ப ஏறிப் போனா குழந்தை வயித்துக்குள்ளயே இறந்து போகலாம், முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாம. மருந்து குடுத்து, வாரா வாரம் ரத்தம் பாத்து, முப்பத்தேழாவது வாரத்துல பிரசவம் பண்ணி வெச்சாங்க. பொட்டப்புள்ளை. இப்பக் கோழியைத் தொரத்திக்கிட்டுத் திரியுது.

வயிறு விரியறப்ப வயித்துத் தோல்ல லேசா அரிக்கறது சாதாரணம், தேங்கா எண்ணெய் தடவினா இதமா இருக்கும். (வரித் தழும்பு வராமத் தடுக்கும்னு விக்கற எண்ணெய்க்கு ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க, அதுவும் பெரும்பாலும் பரம்பரைதான்.) ஆனா தடிப்பு இல்லாம உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, ராத்திரி அதிகம், மூத்திரம் கருமஞ்சளாப் போகுது, கண்ணு மஞ்சளாத் தெரியுதுன்னா, எதையும் பூசாம அன்னைக்கே ஆஸ்பத்திரி. மாவு விஷம் இல்லை. ஆனா அந்த மாவு பன்னெண்டு நாளைத் தின்னுச்சு.

இன்னொரு கட்சிக்காரங்களையும் விடறதா இல்லை. மாசமா இருக்கறவ புருவம் திருத்தக் கூடாது, முடி வெட்டக் கூடாது, நகத்துக்கு சாயம் கூடாது, கண்ணாடி முன்னாடி நிக்கக் கூடாதுன்னு சொல்ற மாமியாருங்க, சித்திங்க. ஏனுங்க, அவ என்ன தவசு இருக்காளா? புருவத்துக்கு நூல் போட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. முடி வெட்டலாம். எண்ணெய் தேச்சு வெதுவெதுப்பான தண்ணியில குளிக்கலாம், கொதிக்கற தண்ணியும் நீராவிப் பெட்டியும்தான் வேண்டாம், உடம்புச் சூடு ஏறக் கூடாது, அதுவும் மொத மூணு மாசம். தலைச் சாயம் போட்டே ஆகணும்னா மூணு மாசம் தாண்டி, காத்தோட்டமான எடத்துல போடுங்க. முடியை நேராக்கற கெராட்டின் வேலை வேண்டாம், அந்தப் புகையில ஃபார்மலின் வாடை வரும். பார்லர்ல மல்லாக்கப் படுக்க வெச்சா, அஞ்சாறு மாசத்துக்கு மேல ஒருக்களிச்சுப் படுக்கறேன்னு சொல்லுங்க. வயித்து பாரம் பெரிய ரத்தக் குழாயை அமுக்கித் தலை சுத்தும். நகப் பாலீஷைப் பிரசவத்துக்குப் போறப்ப அழிச்சுட்டுப் போங்க, விரல்ல மாட்டற கருவிக்கு நகம் தெரியணும்.

மருதாணி இலையா அரைச்சு வைங்க. வேலியில இருக்கு, யார் வேணும்னாலும் வந்து பறிச்சுக்கலாம். ராத்திரி முழுக்க வெச்சாத்தான் செவக்கும், அரை மணி நேரத்துல கன்னங்கரேல்னு புடிக்கற கோன் மருதாணியே இல்லை, அதுல தலைச்சாய மருந்து இருக்கும், கை வெந்து போன பொண்ணுங்க இருக்காங்க.

அந்த மாவுக்காரருக்கு ஒரு வார்த்தை. அழகுசாதனம் செஞ்சு விக்கறதுக்கு இந்த நாட்டுல லைசென்ஸ் வேணும். பாக்கெட்டுல அந்த லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், செஞ்சவர் முகவரி, உள்ள என்னென்ன இருக்குங்கற பட்டியல் எல்லாம் இருக்கணும். உங்க பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். பாட்டி இருக்காங்க, மாடு இருக்கு, நம்பரைக் காணோம். நீங்க வாங்கற மஞ்சளை ஒரு லேப்ல குடுத்து ஈயமும் பாதரசமும் எவ்வளவுன்னு பாத்து, அந்தச் சீட்டை பாக்கெட்டுல ஒட்டுங்க. எங்க மஞ்சள்லருந்து ரெண்டு கிலோ நானே ஓசியில தரேன், அதையும் சேர்த்தே பரிசோதிங்க. அதுல ஏதாவது இருந்தாலும் அந்தச் சீட்டை இங்கயே போடறேன். குழந்தை செவப்பாகும்ங்கற வரியை மட்டும் இன்னைக்கே அழிச்சுருங்க, அதுக்கு எந்த லேப்பும் வேண்டியதில்லை.